பூசையில் ஓடிய பெட்டி

எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வாசகர்தான் இருந்தார். அவரும் என் எதிரி.

வாரப் பத்திரிகை ஒன்றில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய நையாண்டிக் கட்டுரையை ஓப்பநாயக்கப் பக்கத்தில் வேறு எவரும் படித்ததாகத் தகவல் இல்லை. தோட்டத்தில் எங்கள் பிரிவான கீழ் டிவிசனின் கணக்கப்பிள்ளை மட்டும் பஸ் ஏறிப்போய்ப் பத்திரிகை வாங்கி, இரண்டு தடவை படித்து, அதில் வரும் தொப்பை தன்னுடையதுதான் என்ற முடிவுக்கு வந்தார். முடிவு சரியானது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து ஆட்களை மலைக்கு அனுப்புகிறவர் அவர். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. ஆகவே டிவிசனில் பாதிப் பேர் அவருக்குப் பயந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் முன்பும் என்னோடு பேசியதில்லை.

நாங்கள் இருவரும் மூன்று வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை. நான் கேட்கும்படி அவர் தன் நாயைத் திட்டுவார். அவர் கேட்கும்படி நான், கொழுந்து நிறுக்கும் கொட்டகையை ஒட்டிய என் வகுப்பில், தொப்பை என்ற சொல் வரும் வாக்கியங்களாகப் பார்த்துச் சொல்வதெழுதல் கொடுப்பேன். படித்தவன் சண்டை போடும் விதம் அது.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கொழும்பில் ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் கழித்துப் போட்டதை ஒரு தரகர் மூலம் வாங்கினேன். நாவல் எழுதுவதாகத் திட்டம். முதல் வாக்கியத்தை ஆறு மாதம் திருத்திய பிறகு, அந்த வாக்கியமே தேவையில்லை என்று தெரிந்தது. அழித்தேன். அதோடு நாவல் நிறைவடைந்தது.

பிறகு போர் மறுபடி சூடு பிடித்து, கொழும்பு வீதி நெடுகச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. அடையாள அட்டை இல்லாமல் பஸ்ஸில் ஏறுவதென்றால் இறக்கிவிடப்படுவதற்காக ஏறுவதென்று அர்த்தம். எங்கள் டிவிசனில் அட்டை இல்லாதவர்கள் அறுபத்திரண்டு பேர். அவர்களில் ஒருவர் கணக்கப்பிள்ளையின் மனைவி. கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம். மகளைப் பயணம் செய்யக் கூடாதென்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். தாய்தான் போக வேண்டும். புறப்பட்டார். சாவடியில் இறக்கி, காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு பெஞ்சில் இருத்தி வைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். பிரசவத்துக்கு இன்னும் ஆறேழு வாரம் இருந்தது.

அவருக்கு அட்டை எடுக்க வேண்டும். அப்போதுதான் நான் எல்லோருடைய விபரங்களையும் திரட்டி, விண்ணப்பங்களைத் தயார் செய்யப்போவதாக அறிவித்தேன். மூன்று வாரத்தில் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை நடக்க இருந்தது. கந்தோர்க்காரர்களே தேடி வருகிற நாள். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று எவருக்கும் தெரியாது.

மறுநாளே கணக்கப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார்.

"மாஸ்டரம்மா, எங்க வீட்டு ஆள் வெவரம் கொண்டாந்திருக்கேன். எழுதுறவங்கள எழுதிக்கச் சொல்லுங்க."

"எழுதிக்குவாராம்," என்றாள் மனைவி, நான் வாயே திறக்காதபோது.

"பேனாவ மூடி வச்சிருக்காரே, எப்புடி எழுதுவாராம்?"

"வாசிக்கச் சொல்லு, மூடி தானாத் தொறக்கும்," என்றேன் நான்.

இப்படியாகப் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தோட்டம், பிறந்த வருடம் எல்லாம் என் கொப்பியில் ஏறின. பிறகு நான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களுக்கு, லயம் லயமாகப் போனேன். வாசலில் நின்று வீட்டுத் தலைவனைக் கூப்பிட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பின்னேரங்களில் உட்கார்ந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் தட்டினேன். என்னிடம் பிரின்டர் இல்லை. கடைசியில் கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் பலாங்கொடை நகரத்துக்குத் தூக்கிப்போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் அச்செடுப்பதாக ஏற்பாடு.

தட்டி முடித்த சமயம் நவராத்திரி பாதி முடிந்திருந்தது. கோயிலில் ஒவ்வொரு நாளும் சுண்டல். அதைச் சுருட்டிக் கொடுக்கக் கடதாசி வேண்டுமென்று கமிட்டி ஆள் ஒருவர் கேட்டு வந்தார். நான் கொப்பியை எடுத்து நீட்டினேன்.

"ஏங்க, அது அந்த வெவரமெல்லாம் எழுதின கொப்பியில்ல?" என்றாள் மனைவி.

"இனிமே கடதாசிக்கு வேலையில்ல. எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு," என்றேன். கமிட்டி ஆளின் முன்னால் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அறுபத்திரண்டு பேரின் பிறப்பும் பெற்றோரும் சுண்டல் எண்ணெய் குடித்துக்கொண்டு லயங்களுக்குத் திரும்பிப் போயின.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது.

முதலில் முனகியது. பிறகு பல்லைக் கடித்தது. தேயிலை அரைக்கும் உருளைக்குள் கல் அகப்பட்டால் தொழிற்சாலையில் ஒரு சத்தம் வருமே, அதைத் தகரப் பேணிக்குள் அடைத்து வைத்த மாதிரி. நடுநடுவே நின்று, "டக் டக்" என்று இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி தொடங்கும். திரை உறைந்துபோய் என்னை முறைக்கும். நானும் முறைத்தேன். பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டேன். இருபத்தைந்து வருட ஆசிரியத் தொழிலில் எனக்குப் பழகிய ஒரே வைத்தியம் அது. வகுப்பில் பலித்த அளவுக்குத்தான் இங்கேயும் பலித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பலாங்கொடைக்குப் போனேன். பெட்டியைத் தூக்கச் சோம்பல்பட்டு, சத்தத்தை மட்டும் கொண்டு போனேன். கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் இருந்தவர் சிங்கள இளைஞர். நான் சொல்வதை மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சிங்களத்திலேயே கேட்டார், சத்தம் டக் டக்கா, க்ர்ர்ரா?

இரண்டும் என்றேன். இடையில் ஓர் ஊளையும் உண்டு என்றேன்.

செய்து காட்டுங்கள் சேர் என்றார்.

செய்தேன். ஐம்பது வயது மனிதன், கழுத்துப் பட்டன் போட்ட சட்டையோடு, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்காக நின்றேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்த பெண் தன் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். இளைஞர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆயித்," என்றார். மறுபடி செய்யச் சொல்கிறார். மறுபடி செய்தேன், இந்தத் தடவை ஊளை நன்றாக அமைந்தது.

"ஏக்க இவரய், சேர்," என்றார். முடிந்துவிட்டதாம். மேற்கொண்டு சொன்னது இது: இனிமேல் சுவிட்சைத் தொடக் கூடாது. அது இன்னும் ஒரு தடவை ஓடினால் அதிர்ஷ்டம். அந்த ஒரு தடவை தன் மேசையில் ஓட வேண்டும். ஓடுகிற கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதை வேறொன்றுக்கு எடுத்துத் தருவார். வீட்டில் சும்மா போட்டுப் பார்த்தால் அவ்வளவுதான். நாளைக்கே கொண்டு வாருங்கள்.

வீடு திரும்பியபோது கணக்கப்பிள்ளை கமிட்டி ஆட்கள் இருவரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆயுத பூசை," என்றார் என் கதவு நிலையிடம். "பெட்டிய கோயிலுக்குக் கொண்டாரணும்னு கமிட்டி தீர்மானம்."

"நாளைக்கு அத பலாங்கொடைக்குக் கொண்டு போகணும்," என்று நானும் நிலையிடமே சொன்னேன்.

"எதுக்காம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெட்டி சாகக் கிடக்கிறது, கொப்பியைச் சுண்டலுக்குக் கொடுத்துவிட்டேன், உங்கள் மனைவியின் பெயர் ஓர் ஊளைக்கும் இரண்டு தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தொப்பைக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"சும்மா, சின்ன சுத்தம் பண்ற வேல."

"நல்ல நாளும் அதுவுமா? கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, மருந்தடிக்கிற டேங்கு எல்லாம் அம்மனுக்கு முன்னால இருக்கையில இது மட்டும் ஊர் சுத்தப் போவுதா? அறுவத்திரெண்டு பேரு அதுக்குள்ள இருக்கு. எங்க வீட்டு ஆளும் இருக்கு." முதல் தடவையாக அவர் கண் என் பக்கம் திரும்பியது. "மூணு நாள்ல வேல நடக்கணும். சாமி கும்பிடாமலா அனுப்புவாங்க?"

பூசைக்கு வைத்த ஆயுதத்தை விஜயதசமிக் காலையில்தான் எடுக்க வேண்டும். அன்றே பலாங்கொடைக்குக் கொண்டுபோனால் வெள்ளிக்கிழமை நடமாடும் சேவைக்கு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். "வைக்கிறேன். ஆனா சுவிட்ச் போடக் கூடாது," என்றேன். எவரும் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெட்டி கோயிலில் மருந்து டேங்குக்கும் தராசுக்கும் நடுவில் அமர்ந்திருந்தது. மூன்று பட்டை விபூதி, காற்றுப் போகும் துளைகளை அடைத்துச் சந்தனம், சுவிட்சின் மேல் அளவெடுத்த மாதிரி குங்குமப் பொட்டு. சாம்பிராணிப் புகையில் அது பெரிய மனிதரைப் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அலங்கார பல்புக்கு வந்த வயரிலிருந்து ஒரு கிளை பெட்டிக்குப் போவதைப் பெருமையில் நான் கவனிக்கவில்லை.

பூசாரி தீபத்தைக் கையில் எடுத்ததும் கணக்கப்பிள்ளை திரும்பினார்.

"மாஸ்டர், ஓட விடுங்க."

"வேணாம்னு சொன்னேனே."

"பாக்டரியில ரோலர் சுத்தையிலதானே தீபம் காட்டுறோம்? நிக்கிற மெஷினுக்குக் காட்டினா வருசம் பூரா நின்னுகிட்டுத்தான் இருக்கும்."

"இது வேற மெஷின் கணக்கப்புள்ள."

"வேற மெஷினா, செத்த மெஷினா?"

கூட்டத்தில் சிரிப்பு. பூசாரியின் கையில் கற்பூரம் உருகிக்கொண்டிருந்தது.

"இல்ல, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எழுதுறேன் எழுதுறேன்னு லயம் லயமா சுத்தினாரு. உள்ள ஒண்ணும் இல்லாட்டி? மாஸ்டருக்கு இல்லாதத எழுதத்தானே நல்லா வரும். பேப்பர்லயே பாத்திருக்கோமே."

மூன்று வருடம் காத்திருந்து சொன்ன விமர்சனம். நான் போய்க் குங்குமப் பொட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் அழுத்தினேன்.

முதலில் முனகல். பூசாரி மணியை ஆட்டினார். மணிக்கு ஏற்ற மாதிரி உள்ளிருந்து டக் டக், டக் டக். பிறகு அந்த ஊளை, நான் கடையில் செய்து காட்டியதைவிட எவ்வளவோ உயர்ந்த தரத்தில். "ஆத்தா சத்தம் குடுக்குறா," என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொள்ள, வரிசையாக எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக ஏதோ உரசி, இழுத்து, நின்றது. திரை வீட்டில் இருந்தது. உள்ளே என்ன நடந்ததென்று காட்ட வழியும் இல்லை. டிவிசன் முழுதும் கும்பிட்டு நிற்க அது செத்தது. விபரம் தெரிந்த ஒரே ஆள் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"பாத்தீங்களா, ஓடுதே," என்றார் கணக்கப்பிள்ளை, திருப்தியாக.

விஜயதசமிக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலாங்கொடைக்குப் போனேன். இளைஞர் மூடியைக் கழற்றினார். மேசையில் ஒரு கைப்பிடி விபூதி கொட்டியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துணியால் துடைத்தார். டிஸ்க்கைத் தனியே எடுத்து இரண்டு மூன்று தடவை வேறு வேறு வயரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கொழும்பில் சிலர் உடைத்து எடுப்பார்களாம், மாதக்கணக்கில் ஆகுமாம், எடுத்தாலும் நிச்சயம் இல்லையாம். எனக்கு ஒரு நாள்தான் இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியபோது பஸ் தரிப்பில் கணக்கப்பிள்ளை நின்றார். என் வலது கையில் பெட்டி, இடது கையில் அச்செடுத்த காகிதம் எதுவுமில்லை.

"கடுதாசி எங்க?" என்றார். நேராக என்னிடம்.

சொன்னேன். கடை, ஒரே ஒரு தடவை, சுண்டல் கொப்பி, எல்லாம்.

"ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"சுவிட்ச் போடக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"செத்துக்கிட்டிருக்குன்னா சொன்னீரு? சின்ன சுத்தம்னு சொன்ன வாயா இல்லயா அது?"

"ஓட விடச் சொன்னது யாரு?"

"போட்டது யாரு?"

நான் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தேன். "நாளைக்கு என் பொஞ்சாதி அவங்க முன்னால போய் என்னாத்தக் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

அன்று பின்னேரம் என் மனைவி லயங்களில் சுண்டல் சுருள்களைத் தேடிப் போனாள். மூன்று கிடைத்தன. ஒன்றில் எழுத்து எண்ணெயில் ஊறி மறுபக்கத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றை ஆடு பாதி தின்றிருந்தது. மூன்றாவது தெளிவாக இருந்தது; அது கொப்பியின் முதல் பக்கத்தில் நான் என் பெயரை அலங்காரமாக எழுதிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் மேசைகள் போட்டுக் கந்தோர்க்காரர்களும், சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்துப் போடும் சமாதான நீதவானும், கிராம சேவகரும் அமர்ந்தார்கள். வெற்று விண்ணப்பக் கட்டோடு நான் ஒரு மூலையில். வெளியே வரிசை. என்னை யார் திட்டப்போகிறார்கள் என்பதுதான் என் ஒரே ஆர்வமாக இருந்தது. அப்போது கணக்கப்பிள்ளை வந்து கதவடியில் நின்று, பெரட்டில் வாசிக்கிற குரலில் முதல் பெயரை வாசித்தார். அது அவர் மனைவியுடையது. என் முகத்தைப் பார்க்காமல் விபரத்தையும் அவரே சொல்ல ஆரம்பித்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தோட்டம். கொப்பிக்குச் சொன்னதை அப்படியே. நான் எழுதப்போனேன்.

"அது எங்க அக்கா பொறந்த தோட்டம்," என்றார் அந்த அம்மா.

கணக்கப்பிள்ளை சொல்வதை நிறுத்தினார். "என்னா?"

"நா பொறந்தது தெரணியகல பக்கம். பொறவுதான் இங்கிட்டு வந்தோம். வருசமும் அது இல்ல, அதுவும் அக்காவோடதுதான்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றேன் நான்.

"என்னைய யாரு கேட்டா? நீங்க அவரக் கேட்டீங்க. அவரு கதவக் கேட்டாரு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிராம சேவகர் கூடக் குனிந்துகொண்டார். கணக்கப்பிள்ளை, "சரி சரி, இவ ஞாபகம்..." என்று ஏதோ தொடங்கினார்.

"நீங்க ரெண்டு பேரும் செத்த வாய மூடுங்க. மாஸ்டர், எழுதுங்க. நா சொல்றேன்."

சொன்னார். தோட்டம், டிவிசன், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, பதிந்த வருடம், எந்தத் துரை காலத்தில் என்பது வரை, நடுவில் ஒரு தடவைகூட யோசிக்காமல். எப்படி இவ்வளவு நினைவு என்று நீதவான் கேட்டார். "அன்னிக்குப் பூரா அந்தப் பெஞ்சியில வச்சு மாறி மாறிக் கேட்டாங்க ஐயா. ஒவ்வொரு ஆளும் மொதல்லருந்து கேட்டான். மறக்குமா?"

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஒவ்வொருவரும் எங்கெங்கோ நிறுத்தப்பட்டு, கேட்கப்பட்டு, ஒப்பித்துப் பழகியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டில் ஐம்பத்தெட்டு விண்ணப்பங்கள் முடிந்தன. வீட்டுத் தலைவன்மார் கொப்பிக்குச் சொன்னதில் எத்தனை தவறென்று எண்ணவில்லை. பாதி தவறு என்று வைத்துக்கொள்வோம்; என் மரியாதைக்கு அதுவே போதும். பெட்டி பிழைத்திருந்தால் அந்தத் தவறுகளே அச்சேறியிருக்கும்; அதற்காக அதற்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை. அது நல்ல எண்ணத்தில் சாகவில்லை.

அட்டை வர மாதங்களாகும் என்றார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கு ஒரு துண்டும், கிராம சேவகரிடமிருந்து போட்டோ ஒட்டி முத்திரை குத்திய கடிதமும் அன்றே கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு மறு வாரம் அந்த அம்மா கொழும்பு பஸ்ஸில் ஏறினார். சாவடியில் அது செல்லுமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளையும் கூடப் போவதாக இருந்தார். துரை லீவு கொடுக்கவில்லை.

எங்கள் டிவிசனில் வீட்டுத் தொலைபேசி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் அன்று பின்னேரம் மலை வேலை முடிந்து நேராக வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். என் மனைவி தேத்தண்ணி வைத்தாள்; குடிக்கவில்லை. நான் பத்திரிகையை விரித்து ஒரே பக்கத்தைப் படித்தேன். பஸ் போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டியது. அரை மணி, ஒரு மணி. ஒரு தடவை எழுந்து, தொலைபேசியைத் தூக்கி, வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். "தட்டிப் பாக்காதீங்க," என்றேன். "நீர் தட்டாட்டிப் போதும்," என்றார்.

மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன்.

"மாஸ்டரா? வந்து சேந்துட்டேன். எறக்கினாங்க, துண்டப் பாத்தாங்க, ஏத்திவிட்டுட்டாங்க. மக நல்லா இருக்கா. அவருகிட்டச் சொல்லிருங்க, ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கேன். சம்பல் அம்மிக்குப் பக்கத்துல இருக்கு."

குரல் அறை முழுதும் கேட்டது. ஒரு முழத் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் நான் திரும்பி, சம்பல் அம்மிக்குப் பக்கத்தில் இருப்பது உட்பட அத்தனையையும் ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "மாஸ்டரம்மா, தேத்தண்ணிக்குச் சீனி கூட," என்று, குடிக்காத தேநீரைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு வைத்துவிட்டு இறங்கிப் போனார்.